மாதிரியில் ஊட்டி ஏன் சுடுகிறது?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஓர் உலகக் காலநிலை மாதிரியின் (பூமியின் காலநிலையைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரல்) தரவை இறக்கினேன். 2015 டிசம்பர் சென்னைப் பெருமழை அதில் இல்லவே இல்லை. ஊட்டியோ மேட்டுப்பாளையம் போலச் சுடுகிறது. இதன் மண் ஈரப்பதத்தை நம்பலாமா?

பதில்: சென்னை மழையை விட்டுவிடுங்கள். இது வானிலை முன்னறிவிப்பு இல்லை. மாதிரியின் 2015-க்கும் நம்முடைய 2015-க்கும் தேதிவாரியாகச் சம்பந்தமே கிடையாது; பசிபிக் கடல் சூடாகும் எல் நினோகூட அதில் வேறு ஆண்டில் வந்துபோகும். 30 ஆண்டுச் சராசரி, மாதவாரி மழை, பெருமழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பதையெல்லாம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவோடு (நாட்டைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மதிப்பு தருவது) வைத்துப் பாருங்கள்.

ஊட்டி விஷயம் சுலபம். மாதிரியும் பூமியைக் கட்டங்களாகத்தான் பிரிக்கிறது; 100 கி.மீ. கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் சேர்ந்து ஒரே உயரமாகிவிடுகின்றன. மாதிரியோடு நில உயரத்துக்கென்று தனிக் கோப்பு இருக்கும், அதைத் திறங்கள். உங்கள் கட்டத்துக்கு 700 மீட்டர் என்று போட்டிருந்தால், ஊட்டியின் 2,240 மீட்டருக்கு 1,540 குறைகிறது. உயரே போகப் போகக் குளிரும்; கிலோமீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி வீதம் 10 டிகிரி. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் மாதிரியின் தலையில் கட்டலாம்.

மண் ஈரம்தான் வம்பு பிடித்தது. நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் மேல்மண்ணில் 5 செ.மீ. அளவுக்குத்தான் பார்க்கிறது, மாதிரிகள் ‘மேல்மண்’ என்று தருவது வழக்கமாக 10 செ.மீ. மண்ணின் தன்மையையும் ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கும். அதனால் எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள். சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது, மழை விட்ட பிறகு எத்தனை நாளில் காய்கிறது என்று பாருங்கள்.

ஆழத்து நீருக்கு கிரேஸ் செயற்கைக்கோள்கள் உண்டு: 2002 முதல் 2017 வரை, அப்புறம் 2018-லிருந்து அவற்றின் வாரிசுகள். நிலத்தடி நீர், அணை நீர் எல்லாம் சேர்ந்த மொத்த மாற்றத்தை ஈர்ப்பு விசையை வைத்துச் சொல்லும். ஆனால் சில நூறு கி.மீ. அகலத்துக்குக் கீழே தெளிவு கிடையாது. நீலகிரிக்கு மட்டும் கேட்டால் கிடைக்காது. தவிர, பல மாதிரிகளில் போர்வெல் வைத்து நீர் இறைப்பது கணக்கிலேயே கிடையாது. பஞ்சாப், ஹரியாணாவில் கிரேஸ் காட்டும் நீர்ச் சரிவு அவற்றில் வராததற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. மழை குறைவாகப் பெய்யும் மாதிரியில் மண் காய்ந்து, ஆவியாதல் குறைந்து, வெப்பம் ஏறும். அந்த வெப்பநிலையை மட்டும் திருத்திவிட்டால் படம் அழகாகிவிடும். மண் காய்ந்தபடியேதான் இருக்கும். ஆகவே மழை, ஆவியாதல், மண், வெப்பம் என்ற வரிசையிலேயே சோதியுங்கள். மழையிலேயே தவறினால் அந்த மாதிரியின் மண் ஈரத்தை ஆய்வில் சேர்க்க வேண்டாம்.