பாரிஸில் எங்கே சாப்பிடலாம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மதியம் மூன்று மணிக்குப் போனால் சாப்பாடு கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பெரும்பாலான உணவகங்களில் மதியச் சமையல் 12 முதல் 2 அல்லது 2.30 மணி வரை, இரவுச் சமையல் 7 அல்லது 7.30 முதல் 10 மணி வரை. நடுவில் கதவு திறந்திருக்கும், காபியும் வைனும் கிடைக்கும், அடுப்பு எரியாது. அருங்காட்சியகத்திலிருந்து மூன்று மணிக்குப் பசியோடு வெளியே வருபவர்தான் கண்ணில் பட்ட கடையில் நுழைந்து, சூடாக்கிய பழைய உணவுக்கு முழு விலை கொடுக்கிறார்.

நேரம் தவறிவிட்டால் வாசலில் ‘செர்வீஸ் கோன்தினு’ என்று எழுதிய பிரஸ்ஸரி எனும் பெரிய உணவகத்தைத் தேடுங்கள். அங்கே இடைவேளை இல்லாமல் சமைப்பார்கள். இல்லையென்றால் ‘புயோன்’ வகைக் கடைகள். உழைப்பாளிகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சூடான சாப்பாடு போடத் தொடங்கிய பழைய வகை இது. ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் 1896 முதல் நடக்கும் ‘புயோன் ஷார்த்தியே’ காலை 11.30 முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். முன்பதிவு கிடையாது; வரிசையில் நிற்க வேண்டும், முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர வேண்டும். பில்லை மேசையில் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார்கள். மாலை நாலு மணி வாக்கில் போனால் வரிசை சிறிது. சமையல் எளிமையானது; அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள், விலைக்குக் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு, திங்களில் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தால் நகர்ந்துவிடுங்கள். ஆறு மொழிகளில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டிய நீண்ட பட்டியலும் அபாயக் குறிதான். சின்னச் சமையலறை ஐம்பது வகையைப் புதிதாகச் சமைக்க முடியாது. இலத்தீன் குவார்ட்டரில் ஹுஷெத் தெரு, மோன்மார்த்ர் மலையுச்சியில் தெர்த்ர் சதுக்கம், இரண்டிலும் இந்த வகைக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வேடிக்கை பாருங்கள், சாப்பாட்டுக்கு நாலைந்து தெரு தள்ளிப் போங்கள்.

கரும்பலகையில் சாக்பீஸால் நாலைந்து உணவு மட்டும் எழுதியிருப்பது நல்ல அறிகுறி. பாத்திரத்துக்கு மூடியாக வீட்டுக் கூரை வரைந்த சின்னம் தெரிந்தால் அது ‘ஃபே மெஸோன்’, அதாவது கடையிலேயே சமைத்தது. 2014 முதல் வழக்கில் உள்ளது. ஆனால் உறையவைத்த பச்சைக் காய்கறியையோ மீனையோ வாங்கிச் சமைத்தாலும் இந்தச் சின்னம் செல்லும்.

குறைந்த செலவில் நல்ல சாப்பாடு?

மதியத்தில் சாப்பிடுங்கள், இரவில் அல்ல. வேலை நாட்களில் மதியத்துக்கு மட்டும் ‘ஃபோர்முல்’ என்ற கூட்டு விலை இருக்கும். ‘ஆந்த்ரே’ முதல் தட்டு, ‘ப்ளா’ முக்கிய உணவு, பிறகு ‘தெஸெர்’ இனிப்பு; இவற்றில் இரண்டைத் தேர்ந்தால் ஒரு விலை, மூன்றும் என்றால் கொஞ்சம் கூடுதல். அமெரிக்க வழக்கில் ‘ஆந்த்ரே’ என்றால் முக்கிய உணவு; அதை நினைத்து ஆர்டர் செய்பவருக்குச் சின்னத் தட்டுதான் வரும். காபிக்கு நின்றுகொண்டே குடிக்கும் கவுண்டர் விலை வேறு, மேசை விலை வேறு. பல இடங்களில் வெளி நாற்காலிக்கு அதிலும் கூடுதல்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. என்ன செய்வது?

‘சைவம்’ என்ற சொல்லோடு நிறுத்தினால் போதாது. ‘sans viande, sans poisson, sans œuf’ (ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான் எஃப்; இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்) என்று எழுதிக் காட்டுங்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை: வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. பச்சைக் காய் சாலட்டில் ‘லார்தோன்’ எனும் பன்றித் துண்டுகள் கிடக்கலாம். கீஷ், மயோனெஸ் இரண்டும் முட்டை. குருவாஸான் மேலே முட்டை பூசி மினுக்கியிருப்பார்கள். கோம்தே, ரொக்ஃபோர் பாலாடைக்கட்டிகளில் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது ‘பகெத் த்ரதிஸியோன்’ ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பேற்றும் பொருள் என அதன் செய்முறையை 1993 ஆணை வரையறுத்துவிட்டது. மோன்பர்னாஸ் ரயில் நிலையம் அருகே பிரெத்தாஞ் வட்டாரத்தவர் குடியேறிய தெருக்களில் ‘கலெத்’ கடைகள் நிறைய. பக்வீட் எனும் தானிய மாவில் தோசைக்கல் போன்ற தட்டில் வார்ப்பது. மரபு முறையில் மாவில் முட்டை இல்லை, ஆனால் சிலர் சேர்க்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ‘கொம்ப்ளெத்’ என்றால் ஹாம், சீஸ், முட்டை மூன்றும் வரும்; காளான், கீரை வகையைச் சொல்லுங்கள். இனிப்புக்கான ‘க்ரெப்’ எனும் மெல்லிய கோதுமைத் தோசையில் முட்டை உண்டு. மாரே பகுதி ரோஸியே தெருவில் ஃபலாஃபெல் எனும் கொண்டைக்கடலை வடை சைவம்தான். யூதர் கடைகள் என்பதால் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் பல மூடியிருக்கும்.

இதெல்லாம் அலுத்தால் கார் து நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் லா ஷப்பல். ஃபோபூர் ஸான் தெனி தெருவின் வடமுனையும் கைல் தெருவும் ஈழத்தமிழர் கடைவீதி. பெயர்ப்பலகையே தமிழில் இருக்கும். சரவண பவன், கிருஷ்ண பவன் போன்ற சைவக் கடைகளில் தோசை, இட்லி. மற்றவற்றில் கொத்து ரொட்டி, இடியப்பம், சொதி.

ஸ்டேக் கேட்டேன், உள்ளே இரத்தச் சிவப்பாக வந்தது. ஏன்?

பிரெஞ்சு அளவுகள் நம் எண்ணத்தைவிட ஒரு படி பச்சை. ‘ப்ளு’ ஏறக்குறையப் பச்சை, ‘செஞ்யான்’ உள்ளே சிவப்பு, ‘ஆ புவான்’ இளஞ்சிவப்பு. நன்றாக வெந்தது வேண்டுமென்றால் ‘பியான் குயி’. ‘தார்தார்’ முழுக்கப் பச்சை இறைச்சி, சமைக்கச் சொல்லிப் பயனில்லை. ‘ஆந்துயெத்’ குடலில் செய்த சாசேஜ். மணம் கடுமை, முதல்முறைக்கு வேண்டாம்.

குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை. கேட்டால் சொல்வார்களா?

சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களின் விவரத்தைத் தர வேண்டும். நிலக்கடலைக்கு ‘அராஷீத்’, முந்திரி, பாதாம் வகைக்கு ‘ஃப்ருயி ஆ கோக்’. ஆர்டர் எடுக்கும்போதே சொல்லுங்கள், உணவு வந்த பிறகு அல்ல.

தண்ணீர், டிப்ஸ், பில்?

‘யுன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் புட்டி வந்து, காசும் வரும். ரொட்டிக்குத் தனி விலை இல்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். திருப்தியானால் ஒன்றிரண்டு யூரோ வைக்கலாம், கார்டு இயந்திரம் சதவீதம் கேட்டால் தாராளமாக மறுக்கலாம். நீங்கள் கேட்காமல் பில் வராது. உங்களைக் கிளப்புவது அங்கே மரியாதைக் குறைவு. இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் கூடுதலாகவே போகும்.