சுவரும் நிழலும் மட்டுமே உள்ள படத்துக்கும் அனுமதிக் கடிதம் வேண்டுமா?

கேள்வி: கட்டடத்தை முழுதாக எடுக்காமல் ஒரு வளைவு, ஒரு மூலை, சுவரில் விழும் நிழல் என்று அரூபமாக, மினிமலிஸ்ட் பாணியில் படம் எடுத்துவருகிறேன். சில படங்களை இணையத்தில் விற்பதற்காக ஒரு ஸ்டாக் ஏஜென்சிக்கு (பலரின் படங்களைத் திரட்டி விற்றுத் தரும் நிறுவனம்) அனுப்பினேன். அலுவலகக் கட்டடம் ஒன்றின் வெள்ளைச் சுவரும் அதில் சாய்வாக விழுந்த நிழலும் மட்டுமே உள்ள படத்தை, 'பிராப்பர்ட்டி ரிலீஸ் (உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம்) இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். நான் தெருவில் நின்றுதான் எடுத்தேன். கட்டணம் கொடுத்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைத் தானே வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? எடுத்ததே சட்டப்படி தவறா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் நாளைக்கே முன்பணம் கேட்டு வந்து நிற்பார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

படம் எடுத்தது தவறில்லை. கட்டட வடிவமைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அது பொதுவாகக் கட்டடக் கலைஞருக்குச் சேரும், உரிமையாளருக்கு அல்ல. ஆனால் பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படம் எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியா, அமெரிக்கா, ஜெர்மனி உட்படப் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் தெளிவான விலக்கு இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அது 52-ஆவது பிரிவில் வருகிறது, அமெரிக்கச் சட்டத்தில் 120-ஆவது பிரிவில். தெருவில் நின்று வெள்ளைச் சுவரை எடுத்த உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வளாகத்துக்குள் போய் எடுத்திருந்தால் அந்த இடத்தின் விதிகள் வந்துவிடும். பாதுகாப்புத் துறை இடங்களுக்குத் தனிச் சட்டம். சுவரில் ஓவியம் இருந்தால் அந்த ஓவியரின் உரிமையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் படத்தில் இவை எதுவும் இல்லை.

அப்படியென்றால் ஏஜென்சி ஏன் திருப்பியது? அவர்கள் கேட்பது சட்டத்தை அல்ல, தங்களுக்கான காப்பை. உங்கள் படத்தை வாங்குகிறவர் அதை ஒரு வங்கி விளம்பரத்தில் போடலாம். கட்டடத்தின் சொந்தக்காரர், 'என் கட்டடம் அந்த வங்கியை ஆதரிப்பது போலத் தெரிகிறது' என்று வழக்குப் போடலாம். சில கட்டடங்களின் வடிவமே வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, அடையாளம் தெரியக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை அடையாளம் காண முடியும், எதை முடியாது என்று படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாமா? ஊரறிந்த கோபுரத்துக்கும் பெயரில்லாத ஒரு சுவருக்கும் ஒரே பதில். விளக்கம் கேட்டால் அதே இரண்டு வரி திரும்ப வருகிறது. உழைத்து எடுத்த படத்துக்குக் காரணத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லாத இந்த நடைமுறைமீது எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் குழப்பத்தில்தான் உங்களை அணுகியவரைப் போன்ற ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

அவர் தரப்போகும் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரிலீஸ் படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உரிமையாளருக்கு உண்டு. உரிமையாளர் ஒரு நிறுவனம் என்றால், அது முறைப்படி அதிகாரம் கொடுத்தவருக்கு உண்டு. வாடகைக்கு இருப்பவர், காவலாளி, பராமரிப்பு மேலாளர் யாருக்கும் கிடையாது. இடைத்தரகர்கள் கொண்டுவரும் கடிதங்களில் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவர் கையெழுத்துதான் இருக்கும். அதைவிட மோசம், அந்தக் கையெழுத்தும் தரகருடையதாகவே இருப்பது. ஏஜென்சி அதைச் சரிபார்க்கப் போவதில்லை. படிவம் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொள்ளும். நீங்கள் கணக்குத் தொடங்கியபோது ஒரு ஒப்பந்தத்துக்குச் 'சம்மதம்' கொடுத்தீர்கள் அல்லவா, அதை இப்போது திறந்து படியுங்கள். சமர்ப்பிக்கும் ஆவணங்கள் உண்மையானவை என்றும், அவற்றால் வரும் இழப்புக்கு நீங்களே பொறுப்பு என்றும் ஒரு பிரிவு இருக்கும். படத்தால் நாளை சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். அப்போது தரகரின் தொலைபேசி எண்கூட வேலை செய்யாது.

இன்னொன்று. கடிதம் உண்மையானதாகவே இருந்தாலும் உரிமையாளரின் கையெழுத்து கட்டடக் கலைஞரின் பதிப்புரிமையைத் தந்துவிடாது. 'எல்லா உரிமையும் வாங்கித் தருகிறேன்' என்று சொல்பவரிடம், 'யாருடைய உரிமை?' என்று கேளுங்கள். பதில் வராது. இதே ஆட்கள் வேறு வேடத்திலும் வருவார்கள். நுழைவுக் கட்டணத்தோடு புகைப்படப் போட்டி நடத்தி, கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து, விதிமுறையின் கடைசியில் 'அனுப்பிய படங்களை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு' என்று ஒரு வரி வைத்திருப்பார்கள். மினிமலிஸ்ட் படங்கள் விளம்பர வாசகம் எழுத வெற்றிடம் உள்ளவை என்பதால் அவற்றின்மீது இவர்களுக்குத் தனிக் கண்.

உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு ஈஃபிள் கோபுரம். இதைக் கேட்காத ஆளில்லை, எனவே முழுதாகச் சொல்கிறேன். குஸ்தாவ் ஈஃபிள் 1923-ல் இறந்துவிட்டார். பிரான்ஸில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பதால் கோபுரத்தின் வடிவம் பொதுவுடைமையாகிவிட்டது. பகலில் எடுத்த படத்தை விற்பதற்கும் பதிப்புரிமைத் தடை இல்லை. இரவில் கதை வேறு. இப்போதைய பொன்னிற ஒளியமைப்பு 1985-ல் பியேர் பிதோ செய்தது. அது தனிக் கலைப்படைப்பு என்பதால் அதற்கு உரிமை தனியாக இருக்கிறது. இரவுப் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், நண்பர்களுக்குக் காட்டலாம், உங்கள் சமூக வலைப்பக்கத்தில் போடலாம். தொழில்முறைப் பயன்பாட்டுக்குக் கோபுர நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். நம்மைப் போல் துண்டாக எடுப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: இரும்புச் சட்டங்களின் குறுக்குப் பின்னலை மட்டும், பொன் வெளிச்சத்தில், வெறும் கோடுகளாக எடுத்தாலும் பார்த்தவுடன் அது எந்தக் கோபுரம் என்று தெரிந்துவிடும். அரூபமாக எடுத்தேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. பகலில் எடுங்கள், அல்லது இரவுப் படத்தை விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் படம். அதற்கு நீங்கள் கொடுத்த தலைப்பையும் கீவேர்டுகளையும் பாருங்கள். கட்டடத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டிருந்தால், படத்தில் தெரியாத அடையாளத்தை நீங்களே எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். இத்தகைய மறுப்புகளில் நிறைய இங்கேதான் ஆரம்பிக்கின்றன. 'வெள்ளைச் சுவரில் சாய்ந்த நிழல்' என்று மாற்றுங்கள், கோப்பில் ஜி.பி.எஸ். தகவல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரங்களைத் தேடுங்கள். மேல் மூலையில் கூரை விளிம்பு வானத்தோடு சேரும் இடம், ஜன்னல் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் பெயர்ப்பலகை, சுவரில் உள்ள கண்காணிப்புக் கேமராப் பெட்டியில் ஒட்டிய நிறுவன ஸ்டிக்கர்: சோதிப்பவர் பார்ப்பது இவற்றைத்தான். கட்டடத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வெளிக்கோடு. கூரை விளிம்பை வெட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும், படமும் மேம்படும்.

கிராப் செய்வதைக் குறையாக நினைக்காதீர்கள். புகைப்படக் கலைஞர் லூசியன் எர்வே 1949-ல், பிரான்ஸின் மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். பிரிண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு நிழல், ஒரு விளிம்பு மட்டும் மிஞ்சும்படி செய்தவர் அவர்.

அடுத்த முறை எடுக்கும்போதே தள்ளி நின்று 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸில் எடுத்தால் பலகை, கூரை, தெரு எல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். அண்ணாந்து எடுப்பதும் குறையும், கோடுகள் சாயாது. வெள்ளைச் சுவரைக் கேமராவின் ஒளிமானி நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும், படம் மங்கலாகிவிடும். அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளியளவு இரு மடங்கு) கூட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் திருப்பினால் எடிட்டோரியல் பிரிவில் கொடுத்துப் பார்க்கலாம். செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பதால் பொதுவாக அங்கே ரிலீஸ் கேட்பதில்லை. ஆனால் அங்கே விதி தலைகீழ்: இடமும் தேதியும் எழுத வேண்டும், படத்தில் எதையும் அழித்திருக்கக் கூடாது. சுவரில் இருந்த குழாயையோ கம்பியையோ மென்பொருளில் நீக்கியிருந்தால் அந்தப் படத்தை அங்கே அனுப்பாதீர்கள், திருத்தாத மூலக் கோப்பிலிருந்து புதிதாக ஒன்று தயார் செய்து அனுப்புங்கள். செய்தி மதிப்பு இல்லை என்று அங்கேயும் திருப்பலாம். அப்படியானால் பிரிண்டாகக் கண்காட்சிக்கோ நேரடி விற்பனைக்கோ கொண்டுபோங்கள். அங்கே உங்கள் சுவருக்கு யாரும் ரிலீஸ் படிவம் கேட்கப் போவதில்லை.