ரஷ்யத் தலையீடு என்ற சந்தேகம் முதலில் எங்கிருந்து கிளம்பியது?

காட்பாடியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யா புகுந்தது என்ற பேச்சே, டிரம்புக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு என்று கிறிஸ்டோபர் ஸ்டீல் என்ற முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி காசு வாங்கிக்கொண்டு எழுதிய அறிக்கையில் இருந்துதானே வந்தது? அந்த அறிக்கை நிற்காமல் போன பிறகு மற்றதெல்லாமும் கட்டுக்கதைதானே?

இல்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்டீல் அறிக்கை, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் விசாரணைக் குழு கைக்கு வந்தது 2016 செப்டம்பர் 19. விசாரணை தொடங்கியதோ அதற்கு ஏழு வாரம் முன்பு, ஜூலை 31. ஜனநாயகக் கட்சி அலுவலகக் கணினிகளில் ரஷ்யர்கள் புகுந்த செய்தி வாஷிங்டன் போஸ்டில் வந்தது ஜூன் 14. அந்தக் கட்சி அலுவலகத்துக்கு எஃப்பிஐ முதன்முதலில் ஃபோன் செய்து எச்சரித்தது 2015 செப்டம்பரில். கடைசியில் வந்த காகிதம் முதலில் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

அந்த முதல் ஃபோனை எடுத்தவர் கணினி உதவிப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தவர். பேசுவது நிஜமாகவே எஃப்பிஐதானா என்றே அவருக்குச் சந்தேகம். விஷயம் மேலே போகவில்லை, மாதங்கள் ஓடிவிட்டன.

அடுத்து நடந்ததை விவரமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே வலை இன்று நம் மெயிலுக்கும் வருகிறது. 2016 மார்ச் 19 அன்று, ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனுடைய பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு, கூகுள் அனுப்பியது போலவே ஒரு எச்சரிக்கை வந்தது. உக்ரைனில் இருந்து யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்று. கீழே ஒரு பட்டன். அதற்குப் பின்னால் இருந்தது சுருக்கிய பிட்லி இணைப்பு. அது திறப்பது போலி லாகின் பக்கம். ஊழியர்கள் தொழில்நுட்ப ஆளிடம் கேட்டார்கள். அவர் இது சரியான மெயில்தான் என்று எழுதிவிட்டார். ஆனால் அதே பதிலில் கூகுளின் உண்மையான முகவரியைக் கொடுத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடச் சொன்னார். அழுத்தப்பட்டது அவர் கொடுத்த முகவரி அல்ல, பழைய பட்டன். 50,000-க்கும் மேற்பட்ட மெயில்கள் போயின. மெயிலுக்குள் இருக்கும் பட்டனை எக்காரணம் கொண்டும் அழுத்தாமல், முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இருந்தால், பாஸ்வேர்டை மட்டும் திருடியவனால் சுலபத்தில் நுழைய முடியாது.

ஏப்ரலில் ஊடுருவல்காரர்கள், கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரக் குழுவின் வலையமைப்பில் நுழைந்து, அங்கிருந்து கட்சியின் தேசியக் குழுவுக்குத் தாவினார்கள். ஜூன் 14 செய்திக்கு மறுநாளே இணையத்தில் 'கூசிஃபர் 2.0' என்ற புனைபெயர் கிளம்பியது. ஊடுருவியது தானே, தான் ருமேனியாக்காரன், தனி ஆள், ரஷ்யாவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றது. ஒரு நிருபர் ருமேனிய மொழியில் கேள்வி கேட்டதும் தடுமாறியது. வெளியிட்ட கோப்புகளில் கடைசியாகத் திருத்தியவர் பெயர் ரஷ்ய எழுத்தில் 'ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச்' என்று இருந்தது. சோவியத் ரகசிய போலீஸை நிறுவியவரின் பெயர் அது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கோப்பின் உள்விவரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

கனமான சான்று 2018 ஜூலை 13 அன்று 12 ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள் மீது வந்த குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. ஜூன் 15 மாஸ்கோ நேரம் மாலை 4:19 முதல் 4:56 வரை, அந்த உளவுத் துறையின் 74455-வது பிரிவு நிர்வகித்த சர்வரில் இருந்து சில ஆங்கிலச் சொற்றொடர்களைத் தேடியிருக்கிறார்கள். 7:02-க்கு வந்த கூசிஃபரின் முதல் பதிவில் அதே சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த அதிகாரிகள் நீதிமன்றத்துக்கு வந்ததில்லை, வழக்கு நடந்து தீர்ப்பாகவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜூலை 22 அன்று, கட்சி மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் கட்சியின் மெயில்களைக் கொட்டியது. கட்சித் தலைவி பதவி விலகினார்.

விசாரணைக்கு வித்திட்டது வேறொரு இழை. டிரம்ப் தரப்பின் இளம் ஆலோசகர் பாப்படோபுலோஸ், மே மாதம் லண்டனில் ஆஸ்திரேலியத் தூதரிடம், ஹிலாரியைப் பாதிக்கும் தகவலை ரஷ்யா வெளியிட்டு உதவக்கூடும் என்ற தொனியில் பேசியிருந்தார். மெயில்கள் வெளியானதும் ஆஸ்திரேலியா அதை அமெரிக்காவிடம் சொன்னது.

இங்கேதான் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. டிரம்ப் பிரச்சாரத்தில் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜ் என்பவரை ஒட்டுக்கேட்க நீதிமன்றத்தில் போட்ட மனுக்களில் ஸ்டீல் அறிக்கையைச் சேர்த்தார்கள். அந்த மனுக்களில் 17 பெரிய பிழைகளும் விடுபாடுகளும் இருந்ததாக, நீதித் துறையின் தணிக்கைத் தலைவர் ஹொரோவிட்ஸ் 2019 டிசம்பரில் சொன்னார். விசாரணையைத் திறக்கப் போதிய அடிப்படை இருந்தது என்றும் அவரே சொன்னார். இந்த விசாரணையை ஆராய நியமிக்கப்பட்ட டர்ஹமின் அறிக்கை 2023-ல், முழு விசாரணை திறந்ததே தவறு என்றது. டிரம்ப் பிரச்சாரம் ரஷ்யாவுடன் கூட்டுச் சதி செய்ததை, ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் முல்லரின் அறிக்கை நிறுவவில்லை. ஆக, திருடியது யார் என்பது ஒரு கேள்வி. வேட்பாளருக்கு அதில் பங்கு உண்டா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதில்தான் அமெரிக்காவின் இரு தரப்பும் தவறின.

இந்த நோய் இன்டர்நெட்டுக்கும் முந்தியது. பிரிட்டனில் 1924 அக்டோபர் 29 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மாஸ்கோவில் இருந்து சோவியத் கம்யூனிஸ்ட் தலைவர் சினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை டெய்லி மெயில் வெளியிட்டது. அது போலி என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் முடிவு. 2017-ல் பிரான்சில் அதிபர் வேட்பாளர் மக்ரோன் தரப்பின் மெயில்கள் வெளியானதுகூட வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், பிரச்சார ஓய்வு தொடங்கும் நேரத்தில். மறுப்புச் சொல்ல நேரமில்லாத சமயமாகப் பார்த்துத்தான் இவை வரும். நம் ஊரிலும் கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது. அந்த நேரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் 'ரகசியக் கடித' ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மூலக் கோப்பு இருக்கிறதா, முழுப் பக்கமா அல்லது வெட்டிய துண்டா, முதலில் எந்த நேரத்தில் எங்கே வந்தது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

வேலூருக்குச் சந்தேகம் எப்படி உருவாக வேண்டும் என்பது தெரியும். 2019-ல் வருமான வரிச் சோதனையில் ஒரு சிமென்ட் கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டது. தேர்தல் ஆணையம் பரிந்துரைத்து, குடியரசுத் தலைவர் ஏப்ரல் 16 அன்று வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார். வாக்குப்பதிவு ஆகஸ்ட் 5-க்குப் போனது. அங்கே கைப்பற்றிய பொருள் இருந்தது, தேதியும் கையெழுத்தும் இருந்தன.

வெளிநாட்டுக்காரன் நம் வாக்குப்பதிவு இயந்திரத்துக்குள் நுழைவானா என்றும் கேட்டிருந்தீர்கள். 2016-ல் அமெரிக்காவிலேயே வாக்கு எண்ணிக்கை மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆனால் இல்லினாய் மாநில வாக்காளர் பதிவேட்டில் நுழைந்தார்கள். நம் இயந்திரம் எந்த வலையமைப்போடும் சேராது. ஆகவே கவனம் காகிதத்தில் இருக்கட்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜெண்ட் படிவம் 17சி நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இயந்திர எண், பதிவான வாக்குகள், முத்திரை எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசையில் அதோடு ஒப்பிட வேண்டும். முடிவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஒரு சட்டமன்றப் பகுதியில் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழி அது. ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் கேட்க வேண்டும். செலவு கேட்டவருடையது, குளறுபடி உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும்.