அருங்காட்சியக லேபிள்களை ஏஐ கொண்டு எளிமையாக்குவது: கேள்வி பதில்

லேபிளை ஏஐயிடம் கொடுத்து "எளிமையாக்கு" என்றால் போதுமா?

போதாது. யாருக்காக என்று சொல்லுங்கள்: சிறுவர்களுக்கா, மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கா? அப்புறம், சுருக்கும்போது "இருக்கலாம்", "சுமார்", "கருதப்படுகிறது" போன்ற சொற்கள் எளிதில் காணாமல் போகும். வில்லன்டார்ஃப் சிற்பத்தைப் பாருங்கள். 1908-இல் ஆஸ்திரியாவில் கிடைத்த, சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் உருவம். எதற்காகச் செய்தார்கள் என்பது இன்றும் உறுதியாகத் தெரியாது. "கருவளத் தெய்வமாக இருக்கலாம் எனச் சிலர் கருதுகிறார்கள்" என்ற வரியை ஏஐ "இது கருவளத் தெய்வம்" என்று முடித்துவிட்டால், பார்வையாளர் ஓர் ஊகத்தை உண்மையென்று நம்பி வீடு திரும்புவார். மூலத்தில் இத்தகைய சொற்களை முதலிலேயே கோடிட்டு வையுங்கள். வரைவு வந்ததும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

எந்த ஏஐ சிறந்தது?

அடிக்கடி மாறும். உங்கள் லேபிள்கள் சிலவற்றை இரண்டு மூன்று கருவிகளில் கொடுத்து ஒப்பிடுங்கள்.

வாசிப்பு எளிமை மதிப்பெண்ணை நம்பலாமா?

தமிழுக்கு வேண்டாம். அத்தகைய மதிப்பெண் தரும் ஃபிளெஷ் சூத்திரம் 1948-இல் ஆங்கிலத்துக்காக வந்தது. வாக்கிய நீளத்தையும் அசைகளையும் எண்ணுகிறது. தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டுவதால் எளிய சொல்லும் நீண்டுவிடும். சத்தமாக வாசியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் உடையுங்கள்.

நான் காப்பாட்சியர். இதெல்லாம் ஆய்வை மலிவாக்கும் வேலை.

ஏற்கமாட்டேன். ஸ்வீடன் எழுத்தாளர் மார்கரேட்டா எகார்வ், ஏஐ வருவதற்கு வெகு முன்பே, வரிக்குச் சுமார் 45 எழுத்துகள், பேச்சு நிற்கும் இடத்தில் வரி முறிவு என்று அருங்காட்சியகங்களுக்கு எளிய உரைகளை எழுதிக் காட்டினார். அந்த உரைகள் கவிதைபோல் வாசிக்கப்படும்.

கலைச்சொற்களைத் தூக்கிவிடுவீர்களே?

தூக்க வேண்டாம். "மெழுகு வார்ப்பு" அப்படியே இருக்கட்டும். கூடவே எழுதுங்கள்: "மெழுகில் உருவம் செய்து களிமண் பூசுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள்." இதில் எந்த ஆய்வு குறைந்தது? புரியாத லேபிளைத் தாண்டிப் போகிறவருக்கு உங்கள் ஆய்வு போய்ச் சேரவே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இலவச ஏஐயில் எது நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

எனக்குப் பார்வை இல்லை. ஏஐ தரும் பட விவரிப்பு உதவுமா?

முதல் வரைவாக உதவும். ஆனால் சிலையின் கையில் இருப்பது சங்கா மலரா என்பதில்கூடத் தவறும். பொருளை அறிந்தவர் அதைத் திருத்த வேண்டும், பிறகு உங்களைப் போன்றவர் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வெளியிடக் கூடாது.

சைகை மொழி வீடியோவை ஏஐ செய்யுமா?

என் துறை அல்ல. அது தனி இலக்கணம் கொண்ட மொழி. காது கேளாதோரிடம் கேளுங்கள்.

500 லேபிள்களை ஒரே நாளில் முடிக்க எந்த ஏஐ?

மறுபடியுமா? ஏஐ முடித்துவிடும். "இருக்கலாம்"களைத் தேடும் ஆளுக்கு ஒரு நாள் போதாது. பத்தில் தொடங்குங்கள்.