பெடல் தரை வரை போனதற்கு டிஸ்க் காரணமில்லை

கேள்வி: என்னிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரேஸ் டிராக்கில் ஓட்டியபோது ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, கிட்டத்தட்ட தரை வரை போய்விட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஓரளவு சரியானது. பெரிய டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெடல் எப்படிக் காலை வாரியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பதிலும் அதிலேயே இருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் (காலிப்பர் டிஸ்க்கின் மேல் அழுத்தும் உராய்வுக் கட்டை) சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் இல்லை. (எஞ்சின் ஆயிலைத் தவறி ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.) காற்றில் இருக்கும் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தரப் பிரிவுகளில் ஒன்றான டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை தாங்கினாலே போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதித்த மிதி அத்தனையும் அந்தக் குமிழ்களை நசுக்கவே செலவாகியிருக்கும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட, 120-லிருந்து 60-க்குக் குறைப்பதில் மூன்று மடங்கு சூடு உண்டாகிறது. டிராக்கில் அது ஒவ்வொரு திருப்பத்திலும் நடக்கிறது, ஆற நேரமே இல்லை.

அதனால் முதல் வேலை, பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, கொதிநிலை அதிகமுள்ள நல்ல டாட் 4 அல்லது 5.1 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. டாட் 5 பக்கம் போகாதீர்கள். அது சிலிகான், மற்றவற்றோடு சேராது. அப்புறம் முன் சக்கரங்களுக்கு டிராக்குக்கான பேட். முழு ரேஸ் பேட் குளிரில் பிடிக்காது. காலையில் வீட்டு வாசலைத் தாண்டி முதல் மிதியிலேயே பயமுறுத்தும். அதே வண்டியைத் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான ரகமே நல்லது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) பெடலை இறுக்கமாக்கும், சூட்டைக் குறைக்காது. துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு; ஆனால் விரிசல் அந்தத் துளையில்தான் ஆரம்பிக்கும்.

பெரிய காலிப்பரில் வேறு சிக்கல். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பழைய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், பெடல் இன்னும் கீழே போகும். முன்பக்கப் பிடி மட்டும் ஏறுவதால் பின் டிரம் சும்மா கூட வரும். ஆயிலும் பேட்டும் மாற்றிய பிறகும் பேட் பொடிப்பொடியாக உதிர்ந்தால், அப்போது டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம்.

பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அன்று டிராக்கில் இறங்காதீர்கள். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும்.