கராஜ் பக்கம்: ஒயில் லைட்டுக்குத் தடித்த ஒயில் மருந்தா?

கேள்வி: என்னுடையது 3 லீட்டர் கொமன் ரெயில் டீசல் டபள் கெப். இராகலையிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸ், கரட் ஏற்றுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை. சூடேறியதும் அடங்கிவிடும். திரும்பி வரும்போது இறம்பொடை ஏற்றத்தில் கியரைக் குறைத்து மிதித்தால் ஒயில் லைட் மினுங்குகிறது. கராஜ் பாஸ் ஒயில் பிரஷர் சென்சரை மாற்றினார், அப்புறம் தடித்த ஒயில் ஊற்றினார். சரிவரவில்லை. இனிக் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் வேறு என்ஜின்தான் பார்க்க வேண்டும் என்கிறார். என்ன செய்ய?
வாசகர், இராகலை

பதில்: தம்பி, பஞ்சிகாவத்தைக்கு இப்போது போக வேண்டாம். இதைப் பார்த்து முடிக்கும்வரை லோட் ஏற்றவும் வேண்டாம்.

டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர், என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டில் உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு செம்பு வொஷர் இருக்கும். அது பிடிப்பு விட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஏறி, ஹெட்டின் மேல்மூடியான டெப்பட் கவருக்குள் இருக்கும் ஒயிலைக் கருக்கித் தாராக்கிவிடும். அந்தக் கரி, என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்கு இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைக்கும். மெதுவாக ஓடும்போது மிச்சமிருக்கிற துவாரமே போதும். மிதித்ததும் பம்புக்கு ஒயில் பத்தாது, லைட் வரும். பெயரிங் தேய்மானம் என்றால் பெரும்பாலும் வண்டி நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் வரும். உங்களுக்கு ஏற்றத்தில் வருவதால் என் சந்தேகம் சல்லடைமேல். அடைபட்ட சல்லடைக்குள் தடித்த ஒயில் இன்னும் கஷ்டப்பட்டுத்தான் போகும். அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் சென்சரைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி ஒயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு டெப்பட் கவரைத் திறக்கட்டும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கரி ஒட்டியிருந்தால் சம்பையும் இறக்கத்தான் வேண்டும். ஃபோர் வீல் வண்டி சிலவற்றில் முன் சக்கரங்களைச் சுழற்றும் டிஃப் இடிக்கும் என்று பாஸ் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பக்கத்தில் நின்று சல்லடையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

வொஷர் எல்லாம் புதிது போடுங்கள். பழையதைச் சூடுகாட்டித் திரும்பப் போடுகிற வேலை இங்கே நிறைய நடக்கிறது. அதற்குச் சம்மதிக்க வேண்டாம். கழற்றியதோடு இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் செய்துவிடுங்கள், காலைச் சத்தத்துக்கும் புகைக்கும் அவையே காரணமாக இருக்கலாம். வேலை முடிந்து ஊற்றும் முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்றிவிட்டு, பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒயில் இல்லாமல் டர்போவோ பெயரிங்கோ ஏற்கெனவே அடிபட்டிருந்தால் செலவு கூடும். அப்போதுதான் வேறு என்ஜின் பேச்சு.

கேள்வி: கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமா?
வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை அம்மா. கியரில் வைத்து எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொமன் ரெயில் என்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் என்றால் ஐட்லிங்குக்காவது எரியும், பிரேக்கும் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும்.