வளையாத சிவப்பணுவும் லேசர் வெளிச்சமும்

கேள்வி: என் பெண்ணுக்கு சோகை, அடிக்கடி கண் வேறு மஞ்சளாகிறது. ரத்த அணு உருண்டையாக இருக்கிறது, வளைந்து கொடுக்காது, பரம்பரையாக வருவது என்றார் டாக்டர். எவ்வளவு வளைகிறது என்று லேசர் விட்டுப் பார்ப்பார்களாமே, வலிக்குமா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: லேசர் உங்கள் பெண் மேல் படவே படாது. எடுத்த ரத்தத்தில் ஒரு துளி மேல்தான் படும், அதுவும் மெஷினுக்குள்ளே.

தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். ஒருக்களித்து நுழைகிறவர் போய்விடுவார், இரண்டு கையிலும் பையோடு வருகிறவர் மாட்டிக்கொள்வார். சிவப்பணுவின் பாடும் அதுதான். அதன் அகலம் 7, 8 மைக்ரான்; மண்ணீரலில் அது நுழைந்து வர வேண்டிய பிளவோ 1 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும். நல்ல அணு நசுங்கி, நீண்டு, அந்தப் பக்கம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், சுமார் 120 நாளும் இதே பிழைப்பு. உருண்டை அணு அங்கேயே சிக்கி அழிகிறது. சோகையும் மஞ்சளும் அதனால்தான்.

சரி, லேசர் எதற்கு? சாவிக்கொத்தில் தொங்குமே, அந்தச் சின்ன லேசர் லைட்டுக்கு முன்னால் ஒரு தலைமுடியை நெட்டுக்குத்தாகப் பிடித்துச் சுவரில் அடித்துப் பாருங்கள், கண்ணில் மட்டும் பட வேண்டாம். முடி மேலும் கீழுமாக இருக்கும், வெளிச்சமோ இடமும் வலமுமாகச் சிதறும். இந்தக் குறுக்குப் புத்திதான் இங்கே உதவுகிறது. ரத்தத் துளியைப் பாகு மாதிரி கெட்டியான திரவத்தில் கலந்து, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு உருளைகளின் இடுக்கில் விட்டு, அதன் வழியே லேசரை அடித்தபடி ஒன்றைச் சுழற்றுவார்கள். அந்த இழுப்பில் அணுக்கள் நீளும். வட்டமாக விழுந்த வெளிச்சம் அப்போது முட்டை வடிவமாகும், அதுவும் அணு நீண்டதற்குக் குறுக்கே! அந்த முட்டையின் நீளத்தில் அகலத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கணக்கு முடிந்தது. 0 வந்தால் அணு துளியும் நீளவில்லை. ஒவ்வொரு அணுவாகப் பார்க்காமல் ஏராளமான அணுக்களை ஒரே நேரத்தில் அளக்கிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான். பெஸ்ஸி, மோகன்தாஸ் என்ற இருவர் 1975-லேயே எழுதிய முறை இது. கருவிக்குப் பெயர் எக்டாசைட்டோமீட்டர்.

ஆனால் இது தெருமுனை லேபில் இருக்கிற டெஸ்ட் இல்லை. அது இல்லாமலேயே, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தும், உப்புக்கரைசலில் அணு எப்போது உடைகிறது என்று பார்த்தும் டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் லேசரைத் தேடி அலையாதீர்கள். இந்த நோயில் பித்தப்பையில் கல் சேரும், அதற்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்.